ஒரு நாள் தியான முகாம்: பெயர் கொடுப்பது முதல் வீடு திரும்பிய வாரம் வரை

பௌத்த மரபில் இல்லறத்தார் ஒரு நாளை மௌனத்துக்கு ஒதுக்குவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் உபோசதம் கடைப்பிடிப்பது மிகப் பழைய முறை. அன்று ஒரு பகலும் ஓர் இரவும் குடும்பத்தார் எட்டுச் சீலங்களை ஏற்பார்கள். கொலை, களவு, பாலுறவு, பொய், மது ஆகிய ஐந்தையும் விலக்குவார்கள்; நண்பகலுக்குப் பின் சாப்பிட மாட்டார்கள்; ஆடல் பாடலும் அலங்காரமும் இல்லை; சொகுசுப் படுக்கை இல்லை. இலங்கையில் இன்றும் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. போயா தினத்தன்று வெள்ளை உடுத்தி, விகாரை வளாகத்திலேயே நாளைக் கழிப்பவர்களைப் பார்க்கலாம்.

இப்போது நடக்கும் ஒரு நாள் முகாம்களை இதன் சுருக்கமான வடிவம் எனலாம். காலை 8 அல்லது 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 அல்லது 5 மணிக்கு முடியும். உட்கார்ந்து தியானம், நடந்து தியானம், பேசாமல் ஒரு சாப்பாடு, ஆசிரியரின் உரை, கேள்வி நேரம் என்று பொழுது போகும். ஒரே நாளில் மனம் மாறிவிடாது. ஆனால் உடம்பு எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும், மௌனம் ஒத்துவருகிறதா, எந்த முறை பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு நாள் போதும். நீண்ட முகாமுக்கு ஆசைப்படுபவர்களும் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

முறையைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா மையமும் 'தியானம்' என்றே பெயர் வைத்தாலும், உள்ளே நடப்பது மரபுக்கு மரபு வேறுபடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் நாள் வீணாகும். சில இடங்களில் வாசலிலிருந்தே திரும்பவும் நேரலாம்.

இந்தியாவில் அதிகம் பேருக்குத் தெரிந்தது கோயங்கா மரபின் விபாசனா. பர்மாவில் பிறந்த எஸ். என். கோயங்கா (1924–2013), அங்கே சயாஜி ஊ பா கின்னிடம் கற்று 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் இருப்பது தலைமை மையம். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' இருக்கிறது. இங்கே புதியவர்களுக்கான நுழைவாயில் பத்து நாள் முகாம்தான். அட்டவணையில் காணும் ஒரு நாள் முகாம், பத்து நாள் முடித்த 'பழைய மாணவர்'களுக்கு மட்டுமே. பெயர் கொடுக்கும்போது பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது.

மகாசி சயாடோவின் (1904–1982) மரபில், மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் பார்ப்பார்கள். மனதில் எழும் எதையும் 'நினைப்பு', 'வலி', 'சத்தம்' என்று ஒற்றைச் சொல்லால் குறித்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நடை. உட்கார்ந்தே இருக்க முடியாதவர்களுக்கு இது ஏற்றது. இலங்கையின் கண்டுபொட மையம் இந்த வழியில் பெயர் பெற்றது.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் (1926–2022) 1982இல் பிரான்சில் நிறுவிய பிளம் வில்லேஜ் மரபுதான் புதியவர்களுக்கு மிக இதமானது. அங்கே ஒரு நாள் நிகழ்ச்சியில் கூட்டாக நடப்பார்கள், சேர்ந்து மௌனமாகச் சாப்பிடுவார்கள், படுத்தபடி உடலைத் தளர்த்துவார்கள். அவ்வப்போது மணி ஒலிக்கும். கையில் கரண்டி இருந்தாலும் துடைப்பம் இருந்தாலும் அப்படியே நின்று மூன்று மூச்சு விட்ட பிறகுதான் வேலை தொடரும்.

ஜென் முறையில் கண்ணைப் பாதி திறந்து, பார்வையைத் தரையில் இறக்கி உட்கார்வார்கள். அமர்வுகள் குறுகியவை, ஒழுங்கு கண்டிப்பானது. கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் உள்ள 'போதி ஜெண்டோ', இயேசு சபைத் துறவியும் ஜென் ஆசிரியருமான ஆமா சாமி உருவாக்கிய மையம்.

மனநலத்தை மட்டும் கருதி, சமயச் சடங்கு ஏதுமின்றிக் கற்க விரும்புபவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி இருக்கிறது. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979இல் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது இது. வாரம் ஒரு வகுப்பு, அன்றாடம் வீட்டுப் பயிற்சி, ஆறாம் வாரத்தை ஒட்டி ஒரு முழு நாள் மௌனம். முதல் வகுப்பில் ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். அதைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் உருட்டி, மெல்ல மென்று விழுங்குவதற்குள் பல நிமிடம் போய்விடும். இதிலிருந்து கிளைத்த இன்னொரு எட்டு வாரப் பயிற்சி, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு அது மீண்டும் வராமல் தடுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கு, மருத்துவரின் ஒப்புதலோடு, நீண்ட மௌன முகாமைவிட இத்தகைய படிப்படியான பயிற்சியே பாதுகாப்பானது.

பெயர் கொடுக்குமுன் மையத்தில் கேட்க வேண்டியவை:

1. இதுவரை தியானமே செய்யாதவரைச் சேர்த்துக்கொள்வார்களா?
2. ஆசிரியர் யாரிடம், எந்த மரபில் பயின்றவர்? அவரோடு தனியாகப் பேச நேரம் உண்டா?
3. நாற்காலியில் உட்கார அனுமதி உண்டா?
4. சாப்பாடு எத்தனை மணிக்கு? இரவு உணவு உண்டா?
5. கட்டணமா, தானமா?
6. முடியாமல் போனால் இடையில் கிளம்பலாமா?

ஐந்தாம் கேள்விக்கு ஒரே சரியான பதில் கிடையாது. கோயங்கா மரபில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே கட்டணம் இல்லை. முகாம் முடித்தவர்களின் தானத்தில் நடக்கிறது. வேறு மையங்கள் இடத்துக்கும் உணவுக்கும் நியாயமான தொகை வாங்கும். ஆனால் நோய் குணமாகும் என்று உறுதி கூறிப் பெரும் தொகை கேட்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். ஆறாம் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தாலும் அப்படியே.

தள்ளிப்போட வேண்டியவர்கள்

தியானம் எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது முழு உண்மை அல்ல. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தியானத்தால் சிரமத்துக்கு உள்ளானவர்களையும் ஆசிரியர்களையும் விரிவாகப் பேட்டி கண்டு 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அச்சம், தூக்கமின்மை, தன்னைத் தானே அந்நியமாக உணர்வது போன்றவை அதில் பதிவாகியுள்ளன. சிரமங்கள் நீண்ட, தீவிரப் பயிற்சியில் கூடுதலாகத் தெரிய வந்தாலும், குறுகிய பயிற்சியில் வரவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

கீழ்க்கண்ட நிலைகளில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிய பின்பே பெயர் கொடுக்க வேண்டும்:

- மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு ஆகியவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், அல்லது முன்பு இருந்தவர்கள்
- தற்கொலை எண்ணம் உள்ளவர்கள்
- வலிப்பு நோய் உள்ளவர்கள்
- வன்முறை, விபத்து போன்ற அதிர்ச்சியின் நினைவுகள் இன்னும் திடீரென மேலெழுபவர்கள்
- குடியையோ போதையையோ அண்மையில் நிறுத்தியவர்கள்

நெருங்கிய ஒருவரை இழந்து சில வாரங்களே ஆனவர்களும் பொறுத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் மனிதருக்கு வேண்டியது துக்கம் விசாரிக்க வரும் உறவும் பேச்சும். மௌனம் பிறகு ஆகட்டும்.

எச்சரிக்கை: தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. மனநல மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எதுவானாலும் அன்றைய வேளைக்கு உரியதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். விண்ணப்பத்தில் நோய் விவரத்தை மறைத்தால், சிக்கல் வரும்போது உதவ வேண்டியவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் மாறினால் சர்க்கரை சட்டென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலை லேசாவது ஆகியவை அதன் அறிகுறிகள். தியான மண்டபத்தில் இவற்றை ஏதோ ஆழ்ந்த அனுபவம் என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்துவிடும் அபாயம் உண்டு. பையில் சர்க்கரை மிட்டாயோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். அறிகுறி தெரிந்த உடனே, மணி அடிக்கக் காத்திராமல், எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு வார முன்தயாரிப்பு

1. முதல் 4 நாள்: காலையில் 10 நிமிடம் உட்கார்ந்து பழகவும். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். அது வருவதையும் போவதையும் கவனித்தால் போதும்.
2. 5ஆம் நாள் முதல்: 15 நிமிடம், பிறகு 20. ஒரு முகாம் அமர்வு பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம் இருக்கும். 20 நிமிடம் பழகிய உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும்.
3. இரண்டாம் வாரம்: தினம் ஒரு வேளை போனும் தொலைக்காட்சியும் இல்லாமல் சாப்பிடவும்.
4. கடைசி 3 நாள்: காபி, டீ அதிகம் குடிப்பவர்கள் படிப்படியாகக் குறைக்கவும். முகாமன்று திடீரென நிறுத்தினால் தலைவலிதான் மிஞ்சும்.
5. முந்தின நாள்: வீட்டாரிடம் மையத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, மாலை வரை போன் அணைந்திருக்கும் என்று சொல்லிவிடவும். இரவு முழுத் தூக்கம் தூங்கவும்.

உடை தளர்வாக, அடக்கமாக இருந்தால் போதும். இறுக்கமான ஜீன்ஸ், சலசலக்கும் வளையல், கடும் வாசனைத் திரவியம் வேண்டாம். ஒரு சால்வை, தண்ணீர் பாட்டில், மாத்திரைகள், இருக்கைக்கு ஒரு சிறு தலையணை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

உட்காரும் விதம்

முதல் முகாமில் பெரும்பாலோரைப் படுத்துவது முழங்காலும் இடுப்பும்தான். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் பழக்கம் போன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். அதனால் இருக்கையைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் செலவிடுவது வீண் இல்லை.

1. பாய் அல்லது ஜமக்காளத்தை நாலாக மடித்து விரிக்கவும். அதன்மேல் நான்கு முதல் ஆறு அங்குல உயரத்துக்குக் கெட்டியான தலையணை வைக்கவும். பஞ்சுத் தலையணை அமுங்கிவிடும். இறுக்கிச் சுருட்டிய போர்வை அதைவிட நல்லது.
2. தலையணையின் முன்விளிம்பில் உட்காரவும். முழுவதும் ஏறி நடுவில் உட்கார்ந்தால் தொடை அழுந்திக் கால் சீக்கிரம் மரத்துப்போகும்.
3. காலை மடிக்கவும். ஒரு கால் மற்றதன்மேல் ஏற வேண்டிய அவசியம் இல்லை. இரண்டும் தரையில் முன்னும் பின்னுமாகக் கிடந்தால் போதும். முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அந்தரத்தில் நின்றால் இருக்கையை உயர்த்தவும், அல்லது முட்டிக்கு அடியில் துண்டை மடித்து வைக்கவும்.
4. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பார்க்கவும். முதுகெலும்பின் முடிச்சுகள் வெளியே புடைத்துத் தெரிந்தால் கூனல் விழுந்திருக்கிறது என்று பொருள். இருக்கை இன்னும் ஓர் அங்குலம் உயர வேண்டும்.
5. தோளை ஒருமுறை காதுவரை தூக்கி விடவும். கைகளை மடியில் வைக்கவும். மோவாயைச் சற்று உள்ளிழுத்தால் கழுத்து வலிக்காது.

நாற்காலியில் உட்காருவது தாழ்ந்த முறை ஒன்றும் அல்ல. கைப்பிடி இல்லாத, கெட்டியான நாற்காலியில், இரு பாதமும் தரையில் முழுதாகப் படிய, முதுகைச் சாய்க்காமல் உட்காரலாம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முழங்கால் அறுவை செய்துகொண்டவர்கள் முதல் அமர்விலிருந்தே நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறர் பார்வைக்காகத் தரையில் உட்கார்ந்து மூட்டைக் கெடுத்துக்கொள்வதில் தியானம் எதுவும் இல்லை.

வலியில் இரண்டு வகை உண்டு. காலில் எறும்பு ஊர்வது போல் இருப்பதும், தொடையில் இழுப்பதும் எழுந்து நடந்தால் சில நிமிடத்தில் போய்விடும். அதைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு இருக்கலாம். முழங்கால் மூட்டுக்குள் ஊசி குத்துவது போன்ற கூர்மையான வலி வேறு. அது வந்தால் உடனே காலை நீட்ட வேண்டும். எழுந்து அரை மணி ஆகியும் வலி நீடித்தால் அடுத்த அமர்வு நாற்காலியில்தான்.

குறிப்பு: மரத்துப்போன காலோடு சட்டென எழக்கூடாது. பாதம் மடங்கி விழுந்து கணுக்கால் சுளுக்கும். மணி அடித்ததும் காலை நீட்டி, விரல்களை அசைத்து, உணர்ச்சி திரும்பிய பிறகே எழ வேண்டும்.

முகாம் நாள்

அரை மணி முன்னதாகவே போய்விட வேண்டும். கழிப்பறை, தண்ணீர், நடக்கும் இடம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால் மௌனம் தொடங்கிய பின் தடுமாற்றம் இல்லை. போனை அணைத்து ஒப்படைப்பது நல்லது. அதிர்வில் வைத்தால் மனம் பையிலேயே கிடக்கும்.

தொடக்கத்தில் ஐந்து சீலங்களைச் சொல்லச் சொல்வார்கள். வேற்றுச் சமயத்தவர் தயங்க வேண்டியதில்லை. அன்றைக்குக் கடைப்பிடிக்கும் ஒழுக்க உறுதிமொழி அது. வணங்க மனம் ஒப்பாதவர்கள் அமைதியாக இருந்துகொண்டால் பெரும்பாலான இடங்களில் யாரும் வற்புறுத்துவதில்லை.

*அமர்வு.* கவனத்தை மூச்சு தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தில் வைக்க வேண்டும்: மூக்கு நுனி, அல்லது வயிறு. பத்து மூச்சுக்குள் மனம் வீட்டுக் கடனுக்கோ நாளைய வேலைக்கோ போய்விடும். போனது தெரிந்ததும் திரும்ப வந்தால் போதும். ஓர் அமர்வில் இப்படி நூறு முறை திரும்பி வந்தால் அது நூறு முறை பயிற்சி. எண்ணமே வரக்கூடாது என்று முயல்பவர்கள் மதியத்துக்குள் களைத்துவிடுவார்கள்.

மூச்சை மாற்ற முயல்வது இன்னொரு தொல்லை. ஆழமாக, மெதுவாக விட வேண்டும் என்று முயன்றால் சிலருக்கு நெஞ்சு இறுகும், விரல் நுனிகளும் உதடும் சுருசுருக்கும், தலை சுற்றும். அப்படி ஆனால் மூச்சை விட்டுவிட்டுக் கவனத்தைப் பாதங்களுக்குக் கொண்டுபோக வேண்டும், கண்ணையும் திறந்துகொள்ளலாம்.

*நடை.* இதை இடைவேளை என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடுபவர்கள் நாளின் பாதியை இழக்கிறார்கள். பதினைந்து, இருபது அடி நீளமுள்ள சமதளம் போதும். கைகளை முன்னாலோ பின்னாலோ கோத்துக்கொண்டு, பார்வையை ஐந்தாறு அடி முன்னே தரையில் வைத்து நிற்க வேண்டும். குதிகால் தரையை விட்டுப் பிரிகிறது. பாதம் காற்றில் நகர்கிறது. குதிகால் படிகிறது, பிறகு உள்ளங்கால், விரல்கள். எடை மெல்ல அந்தக் காலுக்கு மாறுகிறது. அதற்குப் பிறகே அடுத்த கால் எழும். வெறுங்காலில் நடந்தால் தரையின் குளிர்ச்சியும் சிறுமணல் உறுத்துவதும் தெரியும். கோடி வந்ததும் நின்று, ஒரு மூச்சு விட்டு, திரும்ப வேண்டும். மிக மெதுவாக நடந்தால் தள்ளாட்டம் வரும். வயதானவர்கள் சுவரோரமாக, கொஞ்சம் வேகமாகவே நடக்கலாம்.

*சாப்பாடு.* வழக்கமாகச் சாப்பிடுவதில் முக்கால் பங்கு போதும். ஒரு கவளம் வாயில் இருக்கும்போதே அடுத்ததைக் கை பிசைந்து தயாராக்கிவிடுகிறது; அதைக் கவனித்துக் கையை இலையில் ஓய விட்டால் வேகம் தானாகக் குறையும். வயிறு முட்டச் சாப்பிட்டவர்களுக்குப் பிற்பகல் முதல் அமர்வு தூக்கத்தில்தான் போகும். தூக்கம் வந்தால் கண்ணைத் திறக்கலாம், எழுந்து நின்றபடி தியானிக்கலாம்.

*மௌனம்.* பேசாமல் இருப்பதோடு சைகை காட்டுவதையும் புன்னகையால் உரையாடுவதையும் விட வேண்டும். ஆனால் உடல் நலக் குறைவு, பயம், அவசரத் தேவை எதுவானாலும் ஏற்பாட்டாளரிடம் பேசலாம். மௌனம் உதவி கேட்பதைத் தடுக்கும் விதி அல்ல.

*ஆசிரியரைச் சந்திக்கும்போது.* நேரம் ஐந்து நிமிடமே கிடைக்கும். 'என்ன நடந்தது, அப்போது என்ன செய்யப்பட்டது, பிறகு என்ன ஆனது' என்ற மூன்றை மட்டும் சொன்னால் பயனுள்ள பதில் வரும். வாழ்க்கைக் கதையைத் தொடங்கினால் பயிற்சியைப் பற்றிக் கேட்க நேரம் இருக்காது.

பரவலான தவறுகள்

அளவுக்கு மீறி முயல்வது முதல் தவறு. பாலி நூல்களில் சோணர் என்ற பிக்குவின் கதை வருகிறது. பாதம் வெடித்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து பயின்று, ஒன்றும் கைகூடாமல் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தவர் அவர். துறவுக்கு முன் வீணை வாசித்தவர். நரம்பு அதிகம் முறுக்கினாலும் தளர்ந்தாலும் சுருதி சேராது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, முயற்சியையும் அப்படியே கூட்டிக் குறைக்கச் சொன்னார் புத்தர். முதல் முகாமுக்கு வருபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை இல்லை.

ஒளி தெரிவது, உடல் மிதப்பது போன்ற அனுபவங்களை எதிர்பார்ப்பது அடுத்தது. வந்தாலும் வராவிட்டாலும் பயிற்சி ஒன்றுதான். பக்கத்தில் அசையாமல் இருப்பவரோடு ஒப்பிடுவது, ஒரே நாளில் மூன்று முறைகளைக் கலந்து செய்வது, உரையை வார்த்தைக்கு வார்த்தை குறிப்பெடுப்பது ஆகியவையும் அடிக்கடி காண்பவை. கண்ணீர் வந்தால் வெட்கப்பட வேண்டாம். மௌனத்தில் பலருக்கும் வரும். சற்று நேரத்தில் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலைமை கைமீறினால்

அழுகையோ பயமோ அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், உலகம் கனவு போலவும் உடம்பு தன்னுடையது அல்லாதது போலவும் தோன்றினால், இல்லாத குரல் கேட்டால், தனக்கு ஏதோ சிறப்புப் பணி தரப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் பலமாக எழுந்தால், அது சகித்துக்கொண்டு உட்கார வேண்டிய நேரம் அல்ல. செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

1. தியானத்தை நிறுத்தவும். கண்ணைத் திறக்கவும்.
2. பாதத்தைத் தரையில் அழுத்தவும். சுற்றியுள்ள ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்க்கவும்.
3. மண்டபத்தை விட்டு வெளியே வந்து முகத்தைக் கழுவவும். தண்ணீர் குடித்து ஏதேனும் சாப்பிடவும்.
4. ஆசிரியரிடமோ ஏற்பாட்டாளரிடமோ வாய்விட்டுச் சொல்லவும்.
5. அன்றைக்கு மேலும் உட்கார வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவரை வரவழைத்து அவரோடு திரும்பவும்.
6. இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் இல்லாவிட்டாலோ மேற்சொன்ன அறிகுறிகள் நீடித்தாலோ மனநல மருத்துவரைப் பார்க்கவும். குரல் கேட்பதோ தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது.

இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. 'இன்னும் ஆழமாக உட்கார்ந்தால் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், இந்த அறிகுறிகளுக்கு அது தீர்வு அல்ல.

வீட்டிலேயே ஒரு நாள்

ஒரு முகாமிலாவது கலந்துகொண்ட பிறகு, மாதம் ஒரு நாள் வீட்டிலேயே இதைச் செய்யலாம். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் தனியாகச் செய்வதைத் தவிர்க்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு வசதி. முந்தின இரவே மறுநாள் சமையலை எளிதாக்கி வைத்து, வீட்டாரிடம் சொல்லி, இடத்தைப் பெருக்கி வைக்க வேண்டும்.

1. காலை 6.30: அமர்வு, 30 நிமிடம்
2. 7.00: மொட்டை மாடியில் நடை, 30 நிமிடம்
3. 7.30: சிற்றுண்டி, குளியல்
4. 9.00 முதல் 11.30 வரை: 30 நிமிட அமர்வும் 20 நிமிட நடையும் மாறி மாறி மூன்று சுற்று
5. 11.30: சாப்பாடு; பிறகு பாத்திரம் கழுவுவதும் பயிற்சியே
6. பகல் 12.30: ஓய்வு, 1 மணி நேரம்
7. 1.30 முதல் 3.30 வரை: நடையில் தொடங்கி, மீண்டும் மாறி மாறி
8. 3.30: எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் மெத்தா தியானம், 15 நிமிடம்

வெயில் ஏறினால் மாடித் தளம் கொதிக்கும். மழைக்காலத்தில் பாசி வழுக்கும். அப்போது கூடமே போதும். ஊதுவத்தி, விளக்கு ஏற்றினால் திரைச்சீலையிலிருந்து தள்ளி வைத்து, நடைக்கு எழும்போது அணைத்துவிட வேண்டும். நேரம் காட்டப் போனைப் பயன்படுத்தாமல் அலாரக் கடிகாரம் வைத்துக்கொள்வது நல்லது.

பத்து நாளுக்குப் போவதென்றால்

குறைந்தது மூன்று ஒரு நாள் அனுபவமும் சில மாத அன்றாடப் பயிற்சியும் இருந்த பின் பத்து நாளை யோசிப்பது நிதானமான வழி. கோயங்கா மரபின் பத்து நாள் முகாமில் காலை 4 மணிக்கு எழுப்பும் மணி, இரவு 9.30க்கு விளக்கணைப்பு; இடையில் சுமார் பத்து மணி நேரத் தியானம். பகல் சாப்பாடு 11 மணிக்கு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் போன்ற எளிய உணவே. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானம். நான்காம் நாள் விபாசனா தொடங்கும். அதன்பின் நாளுக்கு மூன்று அமர்வுகளில் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க முயலச் சொல்வார்கள். பத்தாம் நாள் காலைவரை மௌனம். தொடங்குவதற்கு முந்தின நாளே போய், பதினோராம் நாள் காலையில்தான் கிளம்ப முடியும் என்பதால் அலுவலகத்தில் பன்னிரண்டு நாள் விடுப்பு சொல்ல வேண்டும். மறுநாளே வேலைக்குத் திரும்பாமல் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொண்டால் மனதுக்கு நல்லது.

திரும்பிய பிறகு

முகாம் முடிந்ததும் பைக்கை எடுத்து நெரிசலில் பாயக்கூடாது. சத்தமும் வேகமும் வழக்கத்தைவிடக் கூர்மையாகத் தாக்கும். அரை மணி நேரம் யாரோடாவது சாதாரணமாகப் பேசி, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். போனைத் திறந்ததும் குவிந்திருக்கும் செய்திகளில் அவசரமானதற்கு மட்டும் அன்று பதில் போதும். பெரிய முடிவு எதுவும், வேலையை விடுவதோ உறவை முறிப்பதோ, இரண்டு வாரத்துக்கு எடுக்க வேண்டாம்.

வீட்டாரிடம் அனுபவத்தை விவரிப்பதைவிட, அன்றைக்கு அவர்கள் சுமந்த வேலையில் பங்கெடுப்பது நல்ல தொடக்கம். அவர்களையும் முகாமுக்கு வரச் சொல்லி வற்புறுத்துவது பலன் தராது.

மறுநாள் காலையிலிருந்து அன்றாடப் பயிற்சி 20 நிமிடம்; முகாமில் செய்த முறையே, அதே நேரத்தில், அதே இடத்தில். ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து நாலாம் நாள் கைவிடுவதைவிட இது நிலைக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக உட்கார வேண்டியதில்லை. வழக்கமான 20 நிமிடமே போதும். முதல் வாரம் தூக்கம், பசி, எரிச்சல் மூன்றையும் ஒரு தாளில் இரண்டு வரியில் குறித்து வைத்தால், அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போது ஆசிரியரிடம் காட்ட அந்தத் தாள் உதவும்.